என்ஜினை இறக்குவதற்கு முன்: பழைய காருக்குச் சொந்த என்ஜினா, வேறு என்ஜினா?

பழைய கார் வைத்திருப்பவர் என்ஜினை மாற்றிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு குறைகளில் ஒன்று இருக்கும். ஏற்றத்தில் இழுவை இல்லை, நெடுஞ்சாலையில் அலறுகிறது, நெரிசலில் நின்றால் சூடேறுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. இவற்றில் முதலாவதற்குக் காரணம் இக்னிஷன் டைமிங்காக இருக்கலாம், இரண்டாவதற்கு டிஃபரென்ஷியல் விகிதம் (பின் ஆக்சிலிலுள்ள கியரின் விகிதம்), மூன்றாவதற்குப் பிளாக்குக்குள் (சிலிண்டர்கள் இருக்கும் உடலுக்குள்) படிந்த சேறு, நான்காவதற்குத் துருப்பிடித்த எர்த் கேபிள். புது என்ஜின் வைத்தால் இவற்றில் பல போய்விடும்தான். ஆனால் அந்த வேலையோடு டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர், கேபிள் எல்லாமே புதிதாக வந்திருக்கும் என்பதால், தீர்வு எதனால் கிடைத்தது என்பது தெரியாமலே போகும்.

ஆகவே பழைய என்ஜினின் நிலையை எண்களில் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எழுப்பும் அழுத்தம், பார்க்கும்போது என்ஜின் ஓடும் சூட்டில் இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், காயில் வயரைக் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல என்ஜினும் மோசமாகக் காட்டும். கிடைக்கும் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுதான் முக்கியம்: 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. போர்டு மாடல் ஏ என்ஜினின் கம்ப்ரெஷன் விகிதமே 4.22 தான், அதில் இன்றைய காரின் எண்ணை எதிர்பார்த்துப் பயப்படக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்.

இதைவிடத் தெளிவானது லீக்-டவுன் சோதனை. வால்வுகள் மூடிய நிலையில் சிலிண்டருக்குள் 100 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நல்ல என்ஜின். 20-ஐத் தாண்டினால் இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கே கசிகிறது என்று காதே சொல்லிவிடும்: கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். ஆயில் பிரஷரை டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் பொருத்தி, நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். 1000 ஆர்.பி.எம்-க்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு. ஆயிலைச் சிதறடித்து உயவிடும் பழைய என்ஜின்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் பிரஷர் என்று சொல்லிக்கொள்ளவே அதிகம் இருக்காது.

இந்தச் சோதனைகளில் என்ஜின் தேறிவிட்டால், அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது கியர் விகிதம். டாப் கியர் நேர் 1:1 என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர், என்ஜின் 3600 ஆர்.பி.எம். டிஃபரென்ஷியல் 4.55 என்றால் வேகம் 90 கி.மீ. அதையே 4.22 ஆக்கினால் 97, 3.9 ஆக்கினால் 105. டிஃபரென்ஷியலை அப்படியே விட்டு 0.8 விகித ஓவர்டிரைவ் (டாப் கியருக்கும் மேலான கூடுதல் கியர்) சேர்த்தால் 113. இது கற்பனை எண்ணல்ல. மோரிஸ் மைனரின் 948 சி.சி. மாடலில் 4.55-ம், 1098 சி.சி. மாடலில் 4.22-ம் வந்தன, எம்ஜி மிட்ஜெட்டில் வந்த 3.9 அதே ஆக்சிலில் உட்காரும். அலறல்தான் உங்கள் குறை என்றால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் கியர் செட்டை மாற்றுவது என்ஜின் மாற்றுவதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. ஒன்றே ஒன்று: விகிதத்தைக் குறைக்கக் குறைக்க ஏற்றத்தில் இழுவை குறையும். பலவீனமான என்ஜினுக்கு 3.9 போட்டுவிட்டு மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சொந்த என்ஜினையே புதுப்பிப்பது

என்ஜினை இறக்கிப் பிரித்ததும் நேராக போர் போட (சிலிண்டரைக் கடைய) அனுப்புவது பரவலான தவறு. காசு விழுங்கும் பாகத்தை முதலில் சோதிக்க வேண்டும். பிளாக், ஹெட், கிராங்க் மூன்றையும் காந்தத்தூள் முறையில் விரிசல் பார்த்த பிறகே மற்றதெல்லாம். கிராங்க் விரிசல் விட்டிருப்பது தெரியாமல் சிலிண்டருக்குச் செலவழித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. அலுமினிய ஹெட்டில் காந்தம் வேலை செய்யாது. அதற்குச் சாயம் ஊடுருவும் முறையோ, சூடாக்கி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதோதான்.

வார்ப்பிரும்பு பிளாக்கில் விரிசல் இருந்தாலே அது குப்பைக்கு என்று முடிவு செய்துவிட வேண்டாம். போர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8-இல் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவது சர்வசாதாரணம். சூடேற்றாமல் பின்களைத் திருகித் தைக்கும் முறை இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் பல்லாண்டு நிற்கும். சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும், ஏனென்றால் வார்ப்பிரும்பு சட்டென்று ஆறும்போது கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது.

பிறகு போர். பழைய ஆங்கில, அமெரிக்க என்ஜின்களுக்கு 0.020, 0.030, 0.040, 0.060 அங்குலம் என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. முன்பே 0.060 போயிருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உட்குழல்) இறக்க வேண்டும். அதற்குமுன் சிலிண்டர் சுவரின் கனத்தை அல்ட்ராசானிக் கருவியால் பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். வார்க்கும்போது உள்அச்சு லேசாக நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். கடைந்த பிறகு எந்த இடத்திலும் 2.5 மி.மீ-க்குக் கீழே போவது ஆபத்து. சூட்டில் சுவர் வளையும், ரிங் அடைக்காது, ஆயில் அடிக்கும். இன்னொரு விதி: பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போர் போட வேண்டும். பெட்டியின் மேல் எழுதிய அளவை நம்பி அல்ல, வந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் கடைய வேண்டும்.

பேரிங் விஷயத்தில் காரின் வயது குறுக்கே வரும். 1930-களுக்கு முந்தைய பல என்ஜின்களில் கழற்றி மாட்டும் ஷெல் பேரிங் கிடையாது. பாபிட் என்ற மென்மையான பேரிங் உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். இதைச் சரியாக ஊற்றத் தெரிந்த கை அருகிவிட்டது. தெரிந்தவர் கிடைத்தால் பாபிட்டே போதும், நிதானமாக ஓட்டினால் நெடுங்காலம் உழைக்கும். கிடைக்காவிட்டால் பிளாக்கையும் கனெக்டிங் ராடையும் கடைந்து ஷெல் பேரிங்குக்கு மாற்றலாம். வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் இது நல்ல சமரசம். ஆனால் ஷெல் பேரிங் ஆயில் பிரஷரை எதிர்பார்க்கும். ஆயில் பம்பை அப்படியே விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

என்ஜின் திறந்திருக்கும்போதே செய்துவிட வேண்டியவை சில உண்டு. கிராங்கின் பின்பக்கக் கயிறு சீலுக்குப் பதில் லிப் சீல் கிடைக்கும் என்றால் அது. ஆயில் முழுவதையும் வடிகட்டாத பழைய அமைப்பு என்றால் முழு ஓட்ட ஃபில்டர். கோர் பிளக்குகளை (பிளாக்கின் நீர்ப்பாதைத் துளைகளை மூடும் தகடுகளை) எல்லாம் தட்டி எடுத்து, பின்புறக் கடைசி சிலிண்டரைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பியால் குத்திக் கழுவுவது. சூடேறும் குறை பாதிக்குமேல் இங்கேயே தீரும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதானால் கார் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது) என்று பார்த்து அதற்கான மாட்யூலை வாங்குங்கள். மாற்றிக் கொடுத்தால் ஒரே நொடியில் எரிந்துபோகும். கழற்றிய பாயிண்ட், கண்டென்சரை டிக்கியில் போட்டு வையுங்கள், வழியில் மாட்யூல் கைவிட்டால் அதுதான் வீடு சேர்க்கும்.

ஈயமற்ற பெட்ரோலுக்குக் கடின வால்வு இருக்கை அவசியம் என்பது அளவுக்குமீறிப் பரவிய பயம். வார்ப்பிரும்பு ஹெட்டில், அதிக ஆர்.பி.எம்-இல் மணிக்கணக்காக ஓட்டும்போதுதான் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்குள் புதையத் தொடங்கும். டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) தானாகவே குறைந்துகொண்டே போவது அதன் அடையாளம். ஹெட் எப்படியும் வெளியே வந்திருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கடின இருக்கை போட்டுவிடுங்கள். நன்றாக இருக்கும் ஹெட்டை இதற்காகவே கழற்ற வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் அதைவிட உடனடித் தொல்லை. பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் அது அரிக்கும்.

புது கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் போட்டிருந்தால் முதல் இருபது நிமிடம்தான் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஸ்டார்ட் ஆன கணமே 2000 முதல் 2500 ஆர்.பி.எம்-க்கு உயர்த்தி, அங்கேயே 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் வீசியடிப்பதிலிருந்துதான் வருகிறது, ஐடிலிங்கில் அது போதாது. ஆயிலும் முக்கியம்: தட்டை டேப்பெட்டுக்கு ஜெட்.டி.டி.பி. எனப்படும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் வேண்டும். இன்றைய மெல்லிய பெட்ரோல் கார் ஆயில்களில் பாஸ்பரஸ் பத்து லட்சத்தில் 800 பங்குக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பழைய என்ஜினுக்கு 1000 முதல் 1200 வரை இருப்பது நல்லது.

அதே என்ஜினின் சக்தியைக் கூட்டுவது

கம்ப்ரெஷனைக் கூட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்பது எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொள்கையளவிலான வெப்பத்திறன் கணக்கில், 4.22-இலிருந்து 5.5-க்குப் போனால் ஏறத்தாழ 13 சதவீத லாபம். 7.2-இலிருந்து 8.5-க்குப் போனால் 5 சதவீதம்தான். மாடல் ஏ வைத்திருப்பவர்கள் உயர் கம்ப்ரெஷன் ஹெட்டை விரும்புவதற்குக் காரணம் இதுவே. 40 எச்.பி. என்ஜினில் அந்த வித்தியாசம் மேட்டில் தெரியும், ஹெட் மாற்றுவது ஒரு நாள் வேலை, வேண்டாமென்றால் பழைய ஹெட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். எல்லை எங்கே என்றால், அதன் கிராங்க் எதிர்எடை இல்லாதது, மூன்றே மெயின் பேரிங். 6-ஐத் தாண்டிப் போய் வேகமாகவும் ஓட்டினால் அடி முதலில் நடு மெயின் பேரிங்கில் விழும்.

ஐம்பதுகளின் என்ஜினுக்கு ஹெட்டை ஷேவ் செய்தே விகிதத்தைக் கூட்டிவிடலாம் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். 1500 சி.சி., நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 375 சி.சி. விகிதம் 7.2 என்றால் எரியறையின் மொத்தக் கொள்ளளவு 60.5 சி.சி. 8.5 வேண்டுமென்றால் அது 50 ஆக வேண்டும். பத்தரை சி.சி-யைக் குறைக்க, எரியறை வாயின் பரப்பு 35 சதுர செ.மீ. என்று வைத்தால், 3 மி.மீ. சீவ வேண்டும். அவ்வளவு சீவினால் தண்ணீர் அறைக்கு மேலுள்ள தளம் மெலிந்து கேஸ்கெட் அடிக்கடி போகும், புஷ்ராடு நீளமும் ஒத்துவராது. தளத்தை நேராக்கும் அளவு மட்டும் சீவிவிட்டு, மீதியை பிஸ்டனில் வாங்குவதே சரி.

கேம்ஷாஃப்ட்டில் ஆசையை அடக்குவது நல்லது. வால்வு நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம் மேல் ஆர்.பி.எம்-இல் சக்தி தரும். அதே கேம் கீழே இழுவையைப் பறிக்கும், ஐடிலிங் தள்ளாடும், மேனிஃபோல்டு வாக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) குறைந்து பிரேக் பூஸ்டரும் சோரும். தெருவில் ஓடும் பழைய கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 3000-க்குக் கீழேதான் கழிக்கிறது.

அதே குடும்பத்துப் பெரிய என்ஜின்

பிளாக் மீட்க முடியாத நிலையில் இருந்தால், அல்லது சக்தி உண்மையிலேயே போதவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வோல்வோ பி18-க்கு (1778 சி.சி.) பதில் பி20 (1986 சி.சி.) வைத்தால் மவுண்டிங், பெல் ஹவுசிங் எல்லாம் ஒத்துப்போகும், பானெட்டைத் திறந்து பார்ப்பவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. மோரிஸ் மைனருக்கு மோரிஸ் மரீனாவின் 1275 சி.சி. ஏ-சீரிஸ் வைப்பது பல பத்தாண்டுப் பழக்கம். ஆனால் 948-க்காகச் செய்த 7 அங்குல முன் டிரம் பிரேக் அதற்குப் போதாது, மரீனாவின் முன் டிஸ்க் பிரேக்கும் கூடவே வர வேண்டும்.

"அப்படியே உட்காரும்" என்று சொல்லப்படும் மாற்றத்திலும் முள் இருக்கும். 6 வோல்ட் காலத்து பீட்டிலுக்கு 1600 சி.சி. என்ஜின் வைக்கும்போது ஃப்ளைவீல் இடிக்கும்: பழையது 109 பல், புதியது 130 பல், விட்டமும் பெரிது. பெல் ஹவுசிங்கின் உட்புறத்தை அரைத்தெடுக்க வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதன் புஷ்ஷும் மாற வேண்டும். வாங்கும் முன் பழைய, புதிய ஃப்ளைவீல், பின்தகடு, ஸ்பிகாட் புஷ் (கிராங்கின் முனையில் கியர்பாக்ஸ் தண்டைத் தாங்குவது), கிளட்ச் பிளேட்டின் பல்வரிசை நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இந்த நான்கும் சரியென்றால் மீதி பெரிய தலைவலி தராது.

நவீன என்ஜின்

இங்கே என்ஜினின் விலை முழு வேலையில் சிறு பங்குதான். எல்லோரும் முதலில் பார்ப்பது பானெட்டுக்குள் நுழையுமா என்று. உண்மையில் இடிப்பது கீழே. சம்ப்பின் (அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது, ஸ்டியரிங் தண்டு எந்தப் பக்கம் இறங்குகிறது, எக்ஸாஸ்ட் அதைத் தாண்டுமா: இந்த நான்கையும் காலி பிளாக்கையும் சம்ப்பையும் தொங்கவிட்டு அளந்து பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது.

அடுத்தது சங்கிலித்தொடர். பழைய என்ஜினின் முறுக்குவிசை 70 நியூட்டன் மீட்டர், புதியதன் முறுக்குவிசை 160 என்று வைப்போம். முதல் கியர் 3.6, டிஃபரென்ஷியல் 4.5 என்றால் ஆக்சிலுக்குப் போவது 1134-இலிருந்து 2592 ஆகிறது. 70-க்காகச் செய்த ஹாஃப்-ஷாஃப்ட் (ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறுக்கிக்கொண்டு ஒடியும், அதுவும் கிளட்சை வேகமாக விடும் ஏதோவொரு ஏற்றத்தில். எனவே என்ஜினோடு அதன் கியர்பாக்ஸும், பெரும்பாலும் வேறு ஆக்சிலும் வரும். கியர்பாக்ஸ் நீளம் மாறினால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சமநிலைப்படுத்த வேண்டும். இரு முனையிலுமுள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுக்க அதிரும். அடாப்டர் தகடு போட்டுப் பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்பவர்கள் பெல் ஹவுசிங் துளையின் மையத்தை டயல் கேஜில் சோதிக்க வேண்டும். முள் மொத்தமாக ஆடுவது 0.005 அங்குலத்துக்குள், அதாவது 0.13 மி.மீ-க்குள் இருக்க வேண்டும். மீறினால் முதலில் ஸ்பிகாட் பேரிங், பிறகு கியர்பாக்ஸின் முன் பேரிங் போகும். குற்றம் கியர்பாக்ஸ் மேல் விழும்.

பெட்ரோல் பக்கம்: கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும். இன்ஜெக்‌ஷனுக்கு 40-க்கு மேல் வேண்டும். பழைய குழாய், கிளிப், தடுப்புத் தகடில்லாத டேங்க் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கால் டேங்க் பெட்ரோலில் வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். மின்சாரம்: லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பதே 22 ஆம்பியர். மின்விசிறியும் பெட்ரோல் பம்பும் இ.சி.யு-வும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேர்ந்து அதைத் தின்றுவிட்டால் ஹெட்லைட்டுக்கு மிச்சமிருக்காது. ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் கட்டாயம். இ.சி.யு-வை வாங்கும்போதே அதன் இம்மொபிலைசர், சாவி, சென்சார் வயரிங் எல்லாம் ஒரே காரிலிருந்து வாங்குங்கள், இல்லையேல் என்ஜின் சுற்றும், ஓடாது. கடைசியாக பிரேக்: 80-க்குப் பதில் 110 கி.மீ-இல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.9 மடங்கு.

இவ்வளவும் செய்து முடித்த நல்ல கார்கள் உண்டு. பாதியில் நின்று, இரண்டு என்ஜினும் ஓடாத நிலையில் கைமாறும் கார்கள் அதைவிட அதிகம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டிரையம்ப் ஸ்டாக் (Stag) காரின் 2997 சி.சி. வி8 என்ஜின் சூடேறுவதில் பெயர்போனது; அதைத் தூக்கிவிட்டு ரோவர் வி8 வைத்தவர்கள் ஏராளம். உண்மையில் அதன் தொல்லைகளில் பெரும்பங்கு பிளாக்கில் தங்கிய வார்ப்பு மணல், உயரத்தில் வைத்த வாட்டர் பம்ப், அலுமினிய ஹெட்டுக்கும் இரும்பு பிளாக்குக்கும் இடையிலான அரிப்பு ஆகியவற்றிலிருந்து வந்தது. பிளாக்கைச் சுத்தம் செய்து, நல்ல ரேடியேட்டர் வைத்து, கூலன்ட் தண்ணீரைத் தவறாமல் மாற்றினால் அந்த என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. சொந்த என்ஜினோடு இருக்கும் ஸ்டாக்கையே இன்று ஆர்வலர்கள் தேடுகிறார்கள்.

மின்மோட்டாருக்கு மாற்றுவது தனிக் கதை. கி.மீ-க்கு 150 முதல் 200 வாட்-அவர் செலவாகும் என்று வைத்தால் 30 கிலோவாட்-அவர் பேட்டரி 150–200 கி.மீ. தரும், அதன் எடை 200 கிலோவுக்கு மேல். அதை எங்கே வைப்பது என்பதே முழுப் பிரச்சினை. டிக்கியில் மொத்தமாக வைத்தால் காரின் நடையே மாறிவிடும். உயர் மின்னழுத்த வேலை தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

ஆவணமும் மதிப்பும்

சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறைப்படி வரலாற்று வாகனம் என்பது குறைந்தது 30 ஆண்டு வயதானது, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பராமரிக்கப்படுவது. மின்மயமாக்கிய கார் இந்த வரையறைக்குள் வராது என்று 2019-இல் அது தெளிவாக்கியது. செய்துதான் தீருவதென்றால் திரும்ப மாற்றக்கூடியதாகச் செய்து, கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தவும் சொன்னது. பதிவுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. என்ஜின் எண், சி.சி., எரிபொருள் வகை ஆகியவற்றில் எது மாறினால் ஒப்புதல் வேண்டும் என்பதை என்ஜின் வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேஸிஸ் எண்ணோடு பொருந்தும் என்ஜின் காரில் இருந்து, பிளாக் மீட்கும் நிலையில் இருந்தால், புதுப்பிப்பதைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க இயலாது. அது எப்போதோ தொலைந்துபோன கார் என்றால் அதே குடும்பத்துப் பெரிய என்ஜின். நவீன என்ஜினுக்குத் தகுந்தது, லட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண மாடல், உடல் மட்டும் மிஞ்சியது, நாள்தோறும் ஓட வேண்டியது; அதிலும் சேஸிஸையும் ஃபயர்வாலையும் வெட்டாமல் போல்ட்டில் பூட்டும் வகையில்.

இறக்கிய என்ஜினை விற்காதீர்கள். தண்ணீரையும் பழைய ஆயிலையும் வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி ஆயில் விட்டுக் கையால் சில சுற்று சுற்றுங்கள். ராக்கரைத் தளர்த்திவிட்டால் எல்லா வால்வும் மூடிக்கொள்ளும், ஸ்பிரிங்கும் ஓய்வெடுக்கும். பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக், மேனிஃபோல்டு வாய்களுக்குத் தகடு. தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கார்புரேட்டர், டைனமோ, மவுண்டிங், அவற்றின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் பெயர் எழுதிய பைகளில் கட்டி அதனோடே வையுங்கள். இடையில் என்ஜினைச் சும்மா சுற்றிப் பார்க்க வேண்டாம். ரிங் ஆயில் படலத்தை வழித்தெடுத்துவிடும். சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் மறுபடி ஆயில் விடுங்கள்.